எல்லை தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிருக்கப் போகிறவர்களுக்கு

நோயாளியோடு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதை எங்கள் பக்கத்தில் ‘கூட்டிருக்கிறது’ என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். களியக்காவிளைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு ஆறு வருஷமாகிறது. பிறந்தது பாளையங்கோட்டைப் பக்கம். வந்த புதிதில் மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் சபையில் ஒரு மாமிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, பிள்ளைகள் வளைகுடாவில் இருந்ததால், திருவனந்தபுரத்துக்குக் கூடப் போகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது’ என்ற வசனம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அப்படியிருந்தும் முதல் நாள் மத்தியானத்துக்குள் ஒரு நர்சிடம் கத்திவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் பதினான்கு தடவை போய் வந்தாயிற்று. பொறுமை என்பது கோபம் வருகிற நேரத்தில் ஜெபித்து வரவழைக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதியை முந்தின நாள் ராத்திரியே பையில் எடுத்து வைக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. சபையில் யாருக்காவது கூட்டிருக்கப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இதை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. முதலில் கேளுங்கள்

‘நான் வாறேன்’ என்று அறிவித்துவிடாதீர்கள். ‘நான் வந்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமா?’ என்று நோயாளியிடமே கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். சில பேருக்குச் சபைக்காரர்கள் முன்னால் சட்டையைக் கழற்றுவதும் வாந்தி எடுப்பதும் நோயைவிடப் பெரிய கஷ்டம். பெண்களுக்குப் பெண்தான் போக வேண்டும். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களைப் பொதுவாக விடமாட்டார்கள்.

அவர் சரி என்றால், வீட்டாரிடம் மூன்று காரியங்களைத் தெளிவாகக் கேட்டு வையுங்கள். ஆபரேஷன் என்று வந்தால் முடிவெடுப்பது யார், அவருடைய நம்பர் என்ன? நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி எவ்வளவு தெரியும்? சபையில் யாருக்கெல்லாம் சொல்லலாம்?

இரண்டாவது கேள்வியை விட்டால் பெரிய சிக்கல். வயதானவர்களிடம் ‘கேன்சர்’ என்ற சொல்லையே மறைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நீங்கள் பஸ்ஸில் போகிற போக்கில் சொல்லிவிடுவீர்கள். மூன்றாவது, ஜெபக்குறிப்பு. ‘இன்ன மாமிக்கு இன்ன வியாதி, பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அது சாயங்காலத்துக்குள் மார்த்தாண்டம் சந்தை வரை போய்விடும். அனுமதி இல்லாமல் வியாதியின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘ஒரு சகோதரிக்காக’ என்று சொன்னாலே போதும், ஜெபம் கேட்கிறவருக்கு யாரென்று தெரியும்.

2. காகிதங்கள்

வரிசையில் நமக்கு வரும் எரிச்சலில் பெரும்பகுதி, ஏதோ ஒரு காகிதம் வீட்டில் கிடப்பதால் வருவது. ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டன் வைத்த பிளாஸ்டிக் பைல் பை ஒன்று வாங்கி, அதில் இவற்றை வையுங்கள்:

— நோயாளியின் ஆதார், மூன்று நகல். உங்கள் ஆதார், ஒரு நகல். இரவு தங்க நேர்ந்தால் பாஸ் கேட்கும் இடத்தில் உதவும்.
— ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, அசலும் நகலும்.
— ஏற்கெனவே பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ உள்ளூர் ஆஸ்பத்திரியிலோ பார்த்திருந்தால் அந்தச் சீட்டுகள் எல்லாம்.
— ஸ்கேன் படங்கள், சி.டி., ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், பழசு கீழே புதுசு மேலே என்று தேதிவாரியாக.
— சதை எடுத்துப் பரிசோதித்திருந்தால் அறிக்கை மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்பார்கள். பரிசோதித்த லேபில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.
— இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே கொண்டுபோவது நல்லது.

பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பக்கத்தில் ஒருவருக்கே ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருக்கும். முதல் நாள் ஓ.பி. சீட்டு எடுக்கும்போது ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சொல்லிப் பதியுங்கள். அன்று தப்பாகப் பதிந்தால் காப்பீட்டு மேசையில் திண்டாட வேண்டியிருக்கும்.

காப்பீடு பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தின் காருண்யா திட்டமும் வேறுவேறு. காருண்யா கேரளக் குடும்பங்களுக்கானது. எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பதே கணக்கு. முதல் வருகையிலேயே காப்பீட்டு மேசைக்குப் போய், ‘இந்த அட்டை இங்கே எடுக்குமா, எடுக்காதென்றால் என்ன வழி?’ என்று கேளுங்கள். படுக்கையில் சேர்த்த பிறகு கேட்டால், நல்ல பதில் வந்தாலும் காகிதத்துக்கு அலைய ஆள் இருக்காது.

3. பணம்

இரண்டு கவர்கள் கொண்டுபோங்கள். ஒன்றில் நோயாளியின் வீட்டார் தந்த பணம். மற்றதில் உங்கள் பணம். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, பில்களோடு அன்று ராத்திரியே வீட்டில் ஒப்படையுங்கள். கேட்க மாட்டார்கள், ‘உங்கள நம்பாமலா’ என்பார்கள். இருந்தாலும் ஒப்படையுங்கள். பணத்தில் ஏற்படும் மனத்தாங்கல் வாய்விட்டு வெளியே வராது.

பஸ், ஆட்டோ, சாயா, மத்தியானச் சாப்பாடு என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 700 முதல் 800 ரூபாய் வைத்துக்கொள்வேன். பரிசோதனை, மருந்து தனி. மருந்துச் சீட்டு கிடைத்ததும் முதல் கடையில் ஏறாதீர்கள். கேரள அரசின் காருண்யா மருந்துக்கடை, மத்திய அரசின் மலிவு விலை மருந்துக்கடையான ஜன் ஔஷதி இரண்டிலும் விசாரித்துவிட்டு வாங்கினால் வித்தியாசம் தெரியும். கேன்சர் நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்ற படிவத்தில் சான்று வாங்க வேண்டும். டாக்டர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள்.

உங்கள் கையிலிருந்து எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். நல்ல சமாரியன் கதையை நான் இப்போதெல்லாம் வேறு கண்ணோடு வாசிக்கிறேன். அவன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். பிறகு தன் பயணத்தைத் தொடர்ந்தான். தொகையும் சொன்னான், திரும்பி வருவதையும் சொன்னான். சக்திக்கு மீறிக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் முறுமுறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு மாதம் அப்படி இருந்தேன். அந்த முறுமுறுப்பு நோயாளிக்குத் தெரியாமல் போகாது.

4. நாளும் நேரமும்

அந்த நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் பெண்கள் ஐக்கியக் கூட்டம், பிள்ளைக்கு டியூஷன், ஏதும் வேண்டாம். மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு போகிறவர், பதினொரு மணியிலிருந்தே வாட்சைப் பார்ப்பார். அவர் வாட்சைப் பார்ப்பதை நோயாளி பார்ப்பார்.

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்குப் போகும் வழியில், பாலராமபுரம் சந்திப்பில் காலை நேரத்தில் நெரிசல் அதிகம். நாங்கள் ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவோம். குழித்துறை அல்லது பாறசாலையில் ரயில் ஏறினால் குலுக்கல் குறைவு. ஊசி போட்டு வரும் நாட்களில் அதுவே நல்லது. சென்ட்ரல் ஸ்டேஷனும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே. அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு பஸ் உண்டு. அந்த ஒரே வளாகத்தில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, கேன்சருக்கான ஆர்.சி.சி., இதயம், நரம்பு நோய்களுக்கான ஸ்ரீ சித்ரா, பெண்கள், குழந்தைகளுக்கான எஸ்.ஏ.டி. எல்லாம் இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் ‘மெடிக்கல் காலேஜ்’ என்று மட்டும் சொன்னால் தப்பான வாசலில் இறங்கி, நடக்க முடியாதவரை நடத்த வேண்டியதாகும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, அடுத்த நாள் கேரளத்தில் ஹர்த்தால் (பந்த்) உண்டா என்று பாருங்கள். ஓணம் விடுமுறையையும் பாருங்கள். மாசி மாதத்தை ஒட்டி வரும் ஆற்றுக்கால் பொங்காலை நாளில் நகரத்துச் சாலைகளெல்லாம் பெண்கள் பொங்கல் வைக்கும் அடுப்புக்கூட்டமாக இருக்கும், வண்டி நகராது. அந்தத் தேதி கொடுத்தால் அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிற நாம் நமக்கு ஒன்றும் கொண்டுபோவதில்லை. நான்கு இட்லியோ, இரண்டு மட்டிப்பழமோ, உங்களுக்கென்று தனியாக வையுங்கள். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு இருக்கும்போது எனக்கு எந்த வசனமும் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

5. வரிசையில்

முதல் நாள் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பதினொன்றரை ஆகியும் கூப்பிடவில்லை. நான் சாப்பிட்டிருக்கவில்லை, ஒரு அறிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மூன்றாவது தடவையாகப் போய்க் கேட்டேன். நர்ஸ் நிமிராமல், ‘அவசரம் வரும்போள் விளிக்காம்’ என்றார். எங்களுக்கு என்ன அவசரம் என்று கேலி செய்கிறார் என்று என் காதில் விழுந்தது. ‘அவசரம் எங்களுக்கில்ல, எங்கள விரட்ட உங்களுக்குத்தான் அவசரம்’ என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

மாமி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ‘மக்களே, நம்ம முறை வரும்போ கூப்பிடுகேன்னுதான் அந்தக் கொச்சு சொல்லுது.’

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, முறை. நம்முடைய அவசரத்துக்கு அங்கே ‘திருதி’. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் தெரியாமல் போனது ஒரு வார்த்தை மட்டும்தானே. கேட்ட மாத்திரத்தில் மோசமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டது நான். இன்னும் அரைமணி நேரத்தில் அதே நர்சின் கைக்குத்தான் மாமி போக வேண்டும். உடம்பில் கட்டியை வைத்துக்கொண்டு அதுவரை அமைதியாக இருந்தவர், என்னால் தலை குனிந்து உள்ளே போனார். கூட்டிருக்கப் போகிறவர் கோபப்பட்டால் அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆகவே, மலையாளம் தெரியாதவர்கள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி பையிலேயே வையுங்கள். ‘வேதன உண்டோ’ என்றால் உடம்பு வலிக்கிறதா என்று கேட்கிறார்கள், மனக்கஷ்டத்தை அல்ல. ‘உச்சைக்கு சேஷம்’ என்றால் மத்தியானத்துக்குப் பிறகு. ‘அடுத்த ஆழ்ச்ச’ என்றால் அடுத்த வாரம். ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். நாம் மரியாதையாக ‘நீங்கள்’ என்போம், அதே நினைப்பில் பெரியவர்களிடம் ‘நிங்ஙள்’ என்றால் அங்கே கொஞ்சம் மட்டாகப் படும். சேட்டா, சேச்சி, அம்மச்சி, சார், சிஸ்டர் என்று முறை வைத்தே பேசுங்கள். புரியாவிட்டால், ‘மனசிலாயில்ல, ஒண்ணுகூடி பறயாமோ’ என்று கேளுங்கள். மூன்று தடவை கேட்டாலும் யாரும் கோபிப்பதில்லை.

‘கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்’ என்று யாக்கோபு எழுதியதை நான் ஆஸ்பத்திரி வரிசைக்கு இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: கவுன்டருக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியதும், முதலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவர நடப்பேன். போய்வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். திரும்பி வந்தும் கேட்க வேண்டும் என்றிருந்தால் கேட்பேன். பாதி நாள் அதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். பக்கத்தில் தனியாக வந்திருப்பவரின் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போங்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் பயணம் செய்து வந்தவர்கள் இருப்பார்கள், இடம் விட்டு எழுந்தால் போய்விடும் என்று தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

போனில் பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள், அது கீர்த்தனையாகவே இருந்தாலும். சுவிசேஷக் கைப்பிரதியும் வேண்டாம். எழுந்து போக முடியாதவர்களிடம் கொடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

6. பேசாமல் இருக்க வேண்டிய இடங்கள்

யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை நல்ல கூட்டிருப்புக்காரர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

‘எல்லாம் தேவ சித்தம்’, ‘விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான்’, ‘எங்க சித்திக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாங்க’. இந்த மூன்றையும் நான் என் காதால் கேட்டிருக்கிறேன், சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. மௌனம் பயமாக இருப்பதால் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தலையணையைச் சரிசெய்யுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, சின்னதாக ஜெபியுங்கள்.

‘மருந்தை நிறுத்திட்டு விசுவாசத்தோட இருங்க’ என்று யாராவது சொன்னால் மட்டும் மௌனமாக இருக்காதீர்கள். அங்கே தயவு என்பது தெளிவாகப் பேசுவதே. ‘ஜெபமும் பண்ணுவோம், தேதிக்கு ஆஸ்பத்திரிக்கும் போவோம் மாமி’ என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னவரோடு வாக்குவாதம் வேண்டாம். பிறகு தனியாக, தேவைப்பட்டால் போதகரையும் வைத்துக்கொண்டு பேசலாம்.

7. கோபப்பட்டுவிட்டால்

படுவீர்கள். ஒரு தடவையாவது நடக்கும். அன்றைக்கே சரிசெய்யுங்கள். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் கோபம் தணிய வேண்டும் என்று வேதம் சொல்லும் கெடு ஆஸ்பத்திரிக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் ஷிப்ட் மாறிவிடும், அடுத்த தடவை அந்த ஆள் வேறு வார்டில் இருப்பார்.

நான் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்த பிறகு போனேன். ‘சிஸ்டரே, எனக்கு மலையாளம் தெரியாது, தப்பா புரிஞ்சுகிட்டேன். அப்படிக் கத்தினது தப்பு. க்ஷமிக்கணம்.’ அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ‘சாரமில்ல சேச்சி’ என்றார். அவ்வளவுதான். மலையாளத்தில் க்ஷம என்றால் பொறுமை, அதிலிருந்துதான் மன்னிப்புக் கேட்கும் சொல்லும் வருகிறது. நம் பொறுத்தலும் பொறுமையும் போல.

கண்ணிகள் மூன்று. ‘நீங்களும் நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்’ என்று வாலைச் சேர்க்காதீர்கள். பழம், இனிப்பு வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். நோயாளிக்காகப் பேசி வைத்தேன் என்று மாமியிடம் சொல்லாதீர்கள். மாமியிடமும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள், பலரும் விடுவது இதைத்தான்.

8. திரும்பி வந்த பிறகு

கிளம்பும் முன் அடுத்த தேதி சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். எந்த மாத்திரை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மருந்துக்கடையிலேயே கேட்டு, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். இதற்கு இருபது நிமிஷம். மறுநாள் காலை ஒரு போன்.

பகல் முழுவதும் அந்நியரிடம் பொறுமையாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லாத காரியத்துக்கு மகனைத் திட்டினேன், பல தடவை. இப்போது வந்ததும் குளித்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ராத்திரிச் சாப்பாடு என் வீட்டுக்காரர் பொறுப்பு.

ஒருவரே எல்லாத் தடவையும் போகாதீர்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு நாலில் ஒரு தடவைதான் வரும். முதல் தடவை போகிறவரோடு பழகியவர் ஒருவர் பஸ் ஸ்டாண்ட் வரையாவது போங்கள்.

மாமிக்கு அடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. இந்தத் தடவை நான் போகவில்லை. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு தங்கச்சி முதல் முறையாகப் போகிறாள். பைல் பையை நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மூன்று ஆதார் நகல் இருக்கிறது, ஸ்கேன் சி.டி. இருக்கிறது. உள்ளறையில் என் பழைய துண்டுச்சீட்டும் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு. அதில் முதல் வரி: அவசரம் — முறை.